உணவு வரம்பும் உறவு வரம்பும்

உண்பது உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான செயல். எதை உண்பது, எதை விலக்குவது என்று வரையறுத்துக்கொள்வது மனிதனுக்கே உரியது. அவ்வரையறையைச் சிலர் சமயத்திலிருந்து பெறுகின்றனர். சிலர் உயிர்களிடத்துக் கொண்ட இரக்கத்தால் வகுத்துக்கொள்கின்றனர். சிலர் மருத்துவர் சொல்லால் மேற்கொள்கின்றனர். எங்கிருந்து பெற்றாலும், வரையறை உடைய ஒருவன் அஃது இல்லாதார் நடுவே வாழ நேரும்போது ஒரு கேள்வி எழுகிறது. பிறர் உண்பதை உண்ண மறுப்பவன் அப்பிறரையே மறுக்கிறானா? ஒரே உணவை உண்ணாதாரிடையே உறவு முழுமை பெறுமா?

இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. பல இனத்தார் நெருங்கி வாழும் நகரத்தில் நாள்தோறும் உணவு வேளையில் எழுவது. அதனை ஆராய்வதற்குச் சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரம் ஏற்ற களமாகும்.

காத்தோங் காட்டும் காட்சி

சிங்கப்பூர், சீனர் பெரும்பான்மையராக வாழும் நகரம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு நிலையாக வாழ்வோருள் சீனர் 74.3 விழுக்காட்டினர், மலாய்க்காரர் 13.5 விழுக்காட்டினர், இந்தியர் 9 விழுக்காட்டினர். பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோருள் முஸ்லிம்கள் 15.6 விழுக்காட்டினர். மலாய்க்காரரோடு தமிழ் முஸ்லிம்களும் இத்தொகையுள் அடங்குவர். ஹலால் உணவையே உண்ணும் கடப்பாடு உடைய இம்மக்கள், பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இயல்பாகப் புழங்கும் சீனச் சமையலின் நடுவே தமக்குரிய உணவைத் தேடிக்கொள்ள வேண்டியவர்கள்.

நகரின் கிழக்கே உள்ள காத்தோங்கில் இத்தேடலைக் கண்கூடாகக் காணலாம். ஜூ சியாட் சாலையின் வடமுனைக்கு அருகே கேலாங் சிராய்ச் சந்தை உள்ளது. அது மலாய் மக்களின் பழைய நடுவிடம். அங்கிருந்து தெற்கு நோக்கி நடந்தால் காலித் பள்ளிவாசல் தோன்றும். மேலும் செல்லச் செல்லப் பெரனாக்கான் சீனரின் வண்ண வீடுகளும், இலையில் பொதிந்த சோற்றுப் பொதிகளை விற்கும் நோன்யாக் கடைகளும் எதிர்ப்படும். மேலும் நடந்து ஈஸ்ட் கோஸ்ட் சாலையை அடைந்தால், அச்சாலையில் கத்தோலிக்கரின் திருக்குடும்பத் தேவாலயம். அருகே சிலோன் சாலையில் இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். அரை மணி நேர நடையில் ஹலால் உணவும், பன்றி இறைச்சி உணவும், மரக்கறி உணவும் தத்தம் இடத்தில் விற்கப்படுவதைக் காணலாம்.

பெரனாக்கான் சமையல் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. மலாக்கா நீரிணைக் கரைகளில் குடியேறிய சீன வணிகர் அம்மண்ணின் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களின் அடுக்களையில் மலாய்க்காரரின் அரைத்த மசாலையும் புளியும் சீனரின் பன்றி இறைச்சியோடு சேர்ந்தன. மறுபுறம், தமிழ் முஸ்லிம் கடைக்காரர் சீனரின் மஞ்சள் மீயை எடுத்து, மிளகாய் விழுதும் முட்டையும் கூட்டி வறுத்தனர். ‘மீ கோரெங்’ என்னும் பெயரில் ‘மீ’ ஹொக்கியன் சொல். ‘கோரெங்’ வறுத்ததைக் குறிக்கும் மலாய்ச் சொல். வறுத்த கையோ தமிழர் கை. தமிழகத்து ஊர்களில் அவ்வுணவு வழிவழி வந்ததன்று. அயலாரோடு கூடி வாழ்ந்ததால் பிறந்த உணவு அது.

இவ்விரண்டு சமையலும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஓர் இனத்தின் சுவை மற்றோர் இனத்தின் அடுக்களைக்குள் தடையின்றிச் சென்றது. அவ்வாறு சென்றபோதும் முஸ்லிமின் விலக்கு விலக்காகவே நின்றது. ஆகவே வரம்பு இருந்தால் கலப்பு இல்லை என்பது முழு உண்மை ஆகாது.

ஹலாலின் பொருள்

ஹலால் என்னும் அரபுச் சொல்லுக்கு ‘அனுமதிக்கப்பட்டது’ என்பது பொருள். பன்றி இறைச்சி, குருதி, தானே செத்தவற்றின் இறைச்சி, இறைவன் அல்லாத பிறர் பெயரால் அறுக்கப்பட்டது ஆகியவற்றைத் திருக்குர்ஆன் விலக்குகிறது. விலக்கும் அந்த இடத்திலேயே, மீறும் எண்ணமின்றி வேறு வழியற்ற நெருக்கடியில் உண்டவன் மீது குற்றமில்லை என்றும் கூறுகிறது. விதியைக் காப்பதற்காக உயிரை விடுமாறு அது கேட்கவில்லை. விதியோடு இரக்கமும் சேர்ந்தே வந்துள்ளது என்பது கருதத்தக்கது.

சீனச் சமையலும் ஹலாலும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவதும் பிழையாகும். சீன நாட்டிலேயே ஹூய் எனப்படும் முஸ்லிம் மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். ஹலாலை அவர்கள் ‘சிங்ஜென்’ என்பர். தூய்மை, மெய்மை என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை அது. சியான் நகரத்து முஸ்லிம் தெருக்களில் ரொட்டியைப் பிய்த்து ஆட்டிறைச்சிச் சாற்றில் இட்டு உண்பதும், லான்சௌ நகரத்து மாட்டிறைச்சி மீயும் முற்றிலும் சீன உணவுகளே. ஹலால் உணவுகளும் அவையே. சிங்கப்பூர் ஹொக்கியன் மக்களுள் பலருடைய முன்னோர் வாழ்ந்த பகுதியில் சுவான்சௌ என்னும் பழைய துறைமுகம் உள்ளது. அங்கே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசல் எழுந்தது. அந்நகரிலேயே தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயிலும் எடுத்தனர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. சீனரும் முஸ்லிமும் தமிழரும் ஓர் ஊரில் வெவ்வேறு உணவு உண்டு வாழ்ந்தது காத்தோங்கில் தொடங்கியதன்று.

இரு குவளைகள்

இனி, ‘உணவில் வேற்றுமை காண்பது தீண்டாமையின் மற்றொரு வடிவம் அன்றோ?’ என்று வினவுவோர் உண்டு. தமிழ்நாட்டு வரலாற்றை அறிந்தவர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் தனியே உண்டது 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் கிளர்ச்சியை எழுப்பியது. அங்கு எழுந்த வழக்கு, இலையில் விழுந்த உணவைப் பற்றியது அன்று. யார் அருகில் யார் அமர்வது என்பதைப் பற்றியது. தேநீர்க் கடைகளில் வழங்கிய இரட்டைக் குவளைக் கொடுமையும் அத்தகையதே. ஒரே கொதிகலத்தின் தேநீர், ஒரே விலை, ஆயினும் குடிப்பவனின் பிறப்பைப் பார்த்துக் குவளை வேறுபட்டது.

சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களிலும் இரு வகைக் கலங்கள் உண்டு. 1968, 1969ஆம் ஆண்டுகளில் சுமார் 18,000 தெருக் கடைக்காரர்கள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களைப் படிப்படியாகக் கூரையும் குழாய்நீரும் உள்ள நிலையங்களுக்கு மாற்றும் பணி 1986இல் நிறைவுற்றது. இந்நிலையங்களில் ஹலால் தட்டுகளைத் திருப்பி வைக்க ஓரிடமும் பிற தட்டுகளுக்கு வேறோர் இடமும் அமைந்திருப்பதைக் காணலாம். புறத்தோற்றத்தில் இதுவும் இரட்டைக் குவளைபோல் தோன்றக்கூடும். ஆயின் வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். இங்கே தட்டைப் பிரிப்பது அதில் இருந்த பொருள். தட்டை ஏந்திய மனிதன் அல்லன். சீனர் ஒருவர் தமிழ் முஸ்லிம் கடையில் மீ கோரெங் வாங்கி உண்டால், அவர் உண்ட தட்டும் ஹலால் தட்டுகளோடேயே சேரும். அவர் தொட்டதால் அது தீட்டுப்படுவதில்லை. மேசையோ அனைவர்க்கும் பொது. ஒருவர் பன்றி இறைச்சி மீயும், மற்றொருவர் பிரியாணியும், வேறொருவர் தயிர்ச்சோறும் கொண்டுவந்து ஒரே மேசையில் அமர்ந்து உண்பது அங்கே விந்தை அன்று. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்வுணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது, இவ்வாறு கூடியுண்ணும் வாழ்க்கை முறையே போற்றப்பட்டது.

இதனால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பொருளை விலக்குவது உணவு வரம்பு. ஆளை விலக்குவது உறவு வரம்பு. முன்னது அவரவர் உரிமை, பின்னது அறக்கேடு. வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள் புலாலை முற்றும் மறுத்தவர். தம் கொள்கைக்குப் புறம்பானவராகப் புலால் உண்பாரைக் கருதியவர். எனினும் அவர்தம் பசியையும் தீர்க்க வேண்டும் என்றே கூறினார். வள்ளுவரும் அறத்துப்பாலுக்குள்ளேயே விருந்தோம்பலை இல்லறவியலிலும் புலால் மறுத்தலைத் துறவறவியலிலும் வைத்தார். விலக்குவதும் வரவேற்பதும் ஓர் அறத்தினுள் இடம்பெறக் கூடியவை என்பதற்கு இவை சான்றாகும்.

இவ்வளவுகோல் தமிழர் தம்மையும் அளந்துகொள்ள உதவும். புலால் உண்பாருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று கூறுவோர் இந்திய நகரங்களில் இன்றும் உள்ளனர். அங்கே உணவு வரம்பு மெல்ல உறவு வரம்பாக மாறிவிட்டது. பல வேளைகளில் சாதியை மறைக்கும் திரையாகவும் ஆகிவிட்டது. தன் கலத்தில் புலால் இல்லாதிருக்க விரும்புவது ஒன்று. தன் தெருவில் புலால் உண்பவனே இல்லாதிருக்க விரும்புவது மற்றொன்று.

சமைப்பவனின் வாய்மை

வரம்பு உடையவன் அயலாரை நம்பியே வாழ வேண்டியவன். காத்தோங்கின் பெயரைத் தாங்கிய லக்சாவே இதற்கு எடுத்துக்காட்டு. தேங்காய்ப்பாற் சாற்றில் மீயைச் சிறு துண்டுகளாக நறுக்கியிட்டுக் கரண்டியால் மட்டுமே உண்ணத் தருவது அவ்வட்டார வழக்கம். மேலே மிதக்கும் இறாலை மரக்கறி உண்பவர் எடுத்து ஒதுக்கிவிடலாம். சாற்றில் அரைத்துக் கலந்த உலர்ந்த இறாலை எவ்வாறு ஒதுக்குவார்? எவ்வகை எண்ணெயில் மசாலை வதங்கியது, மீன் உருண்டையில் என்ன சேர்ந்தது என்பதை முஸ்லிம் எவ்வாறு அறிவார்? சமைத்தவனே அறிவான்.

இக்குறையைத் தீர்க்கவே சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமாகிய முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றளிப்பை மேற்கொண்டு வருகிறது. சான்றிதழ் பெறுவது கட்டாயம் அன்று; சான்றிதழ் இன்றி முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் உள்ளன. ஆனால் ஹலால் முத்திரையைப் பொய்யாகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். சட்டமும் முத்திரையும் வேண்டியவையே. எனினும் ஆய்வாளர் வந்து சென்ற பின்னும் அடுக்களையில் எஞ்சி நிற்பது சமைப்பவனின் மனச்சான்று ஒன்றே. தான் நம்பாத ஒரு விதியை, அதை நம்பும் அயலானுக்காக, எவரும் காணாத இடத்திலும் காக்கிறானே ஒரு சமையற்காரன், அவன் செய்வது சிறந்த அறமாகும். அதில் அவனுக்குச் சமயப் பயன் ஏதும் இல்லை. ‘இது உங்களுக்கு ஆகாது, ஐயா’ என்று உண்மை கூறி ஒரு விற்பனையை இழக்கும் சீனக் கடைக்காரரும் அவ்வறத்தையே செய்கிறார்.

விட்டுக்கொடுப்பது யார்?

எஞ்சி நிற்பது பொது விருந்து பற்றிய சிக்கல். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பதாகக் கொள்வோம். அவருள் நால்வர் ஹலால் உணவே உண்பவர். இருவர் புலால் உண்ணாதவர். விருந்துக்கு என்ன வாங்குவது? பெரும்பான்மையோர் விரும்புவதை வாங்கி, அறுவரும் தம் உணவைத் தாமே கொண்டுவரட்டும் என்பது எளிய வழி. அவ்வழியில் அறுவர் விருந்தினர் ஆவதில்லை. பிறர் உண்பதைக் காணும் பார்வையாளர் ஆகின்றனர். எண்ணிக்கை மிகுதி மட்டுமே ஒரு செயலை அறமாக்கிவிடாது.

இத்தகைய இடத்தில் இழப்பை நிறுத்துப் பார்ப்பதே முறை. எதையும் உண்ணக் கூடியவன் ஹலால் உணவை உண்டால் ஒருநாள் விருப்பத்தை மட்டும் இழக்கிறான். விலக்கியதை உண்பவனோ தன் மனச்சான்றை இழக்கிறான். யாருடைய இழப்பு சிறிதோ அவரே விட்டுக்கொடுத்தல் நியாயம். எனவே பொது விருந்தில் ஹலால் உணவும் மரக்கறி உணவும் வைப்பது சலுகை ஆகாது. விருந்து என்னும் சொல்லுக்குப் பொருள் தருவதே ஆகும்.

இந்நியாயத்துக்கும் எல்லை உண்டு. பொது விருந்துக்கு உரியதைப் பிறர் இல்லத்தின் மீது ஏற்றுதல் கூடாது. காத்தோங்கின் நோன்யா மூதாட்டி தம் முன்னோர் முறைப்படி பன்றி இறைச்சி சமைப்பதும் ஒரு மரபே; அதைக் கைவிடுமாறு கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அங்கே விருந்தாளி செய்யத்தக்கது, முகம் சுளிக்காமல் நன்றி கூறி மறுப்பது. விருந்தளிப்பவர் செய்யத்தக்கது, மறுப்பை அவமதிப்பாகக் கொள்ளாமல் ஒரு கோப்பைத் தேநீரும் பழமும் கொடுப்பது. இருவரும் தம் நிலையில் நிற்பர், உறவும் குலையாது.

இளமையில் கூடியுண்ணும் பழக்கம் இதற்கெல்லாம் அடிப்படை. வெவ்வேறு தட்டுகள் இருக்கலாம் என்றால் வெவ்வேறு மேசைகளும் இருக்கலாமே என்று சோம்பும் மனம் மெல்ல நினைக்கத் தொடங்கும். அந்த இடத்தில்தான் விழிப்பு வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேறு வேறு கடைகளில் உணவு வாங்கிய பிள்ளைகள் ஒரே மேசைக்குத் திரும்பி வருகிறார்களா, கடைக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்து அமர்கிறார்களா என்பதை ஆசிரியர் கவனித்தல் நன்று. அவர்கள் தட்டில் இருப்பது வேறுபடுவதால் கேடில்லை. பக்கத்தில் அமர்ந்தவன் அதை ஏன் உண்பதில்லை என்று கேட்டறிந்த பிள்ளை, நாளை ஒரு விருந்தை ஏற்பாடு செய்யும்போது அவனை நினைவில் வைத்திருப்பான்.