இறங்கிக்கொள்ளும் உரிமை

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கு. தில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்தவர் மோகன் பாஸ்வான். பீகாரின் தர்பங்கா மாவட்டத்துக்காரர், தலித். அந்த வருடத் தொடக்கத்தில் விபத்தில் அவருக்குக் கால் அடிபட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்தாள் மகள் ஜோதி குமாரி. வயது 15. வருமானம் நின்றது, வீட்டுக்காரர் வாடகைக்கு நெருக்கினார். கையிலிருந்த காசுக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள் ஜோதி. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மகள்தான் விடவில்லை. அவரைக் கேரியரில் உட்காரவைத்து, சுமார் 1200 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். இடையில் கொஞ்ச தூரம் லாரி கிடைத்தது. மற்றதெல்லாம் மிதிதான்.

செய்தி வெளியானதும் பாராட்டு குவிந்தது. அன்றைய அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப், அன்பும் உடல் உரமும் சேர்ந்த அழகான சாதனை என்கிற பொருளில் ட்விட்டரில் எழுதினார். இந்திய சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்கு அழைத்தது. 2021 சனவரியில் ஒன்றிய அரசு குழந்தைகளுக்கான விருது கொடுத்தது. பத்திரிகைகள் அவளைச் சிரவணகுமாரனோடு ஒப்பிட்டன.

கேள்வி இதுதான்: போக்கற்ற நிலையில் ஒருத்தி செய்ததைச் சாதனை என்று புகழ்வது அறமா?

சிரவணனை இழுத்து வந்தவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார்கள். கண் தெரியாத தாய் தகப்பனைக் காவடி கட்டிச் சுமந்த பிள்ளை எப்படிச் செத்தான்? தண்ணீர் மொண்ட சத்தத்தை யானை என்று நினைத்து ராசா தசரதன் விட்ட அம்பில் செத்தான். தான் சூத்திரத் தாய்க்குப் பிறந்தவன் என்று அவனே சொல்வதாக வால்மீகியில் வருகிறது. ராசாவுக்குச் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. 2020 மார்ச் 24 இரவு நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டியவர்களுக்கும் கூலிச்சனம் கண்ணில் படவில்லை. மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறிச் செத்தார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு, கணக்கு இல்லை என்றது அரசு. செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. பிழைத்து வந்த ஒருத்திக்கு விருது உண்டு.

ஆசைப்பட்டுப் போகிற சைக்கிள் பயணத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? தூரமா? களைப்பா? ரெண்டிலும் கால் வலிக்கத்தான் செய்யும். வசதியுள்ள தகப்பன் தன் பிள்ளையோடு மாதக்கணக்கில் மிதிக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நிறுத்துவார், அறை எடுப்பார். போதும் என்று தோன்றினால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார். நிறுத்த முடியும் என்பதுதான் அதைப் பயணம் ஆக்குகிறது. ஜோதிக்கு நிறுத்த இடமில்லை. நின்றால் பசி, திரும்பினால் வாடகை.

நம்ம சனத்துக்கு இது புரியாத சங்கதி இல்லை. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சட்டம் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! 'எவன்டா அவன், சைக்கிள்ல குந்திக்கிட்டே போறவன்?' என்ற அதட்டல் நம்மில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது! அங்கே இறங்கு என்கிறார்கள். ஜோதிக்கோ இறங்க வழியில்லை. ரெண்டும் ஒரே அநியாயத்தின் ரெண்டு பக்கம். ஏறுவதும் இறங்குவதும் நம்ம கையில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதை விடுதலை என்று சொல்கிறோம். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பது அவர்கள் கைக்கு வந்தது, அதனால்.

அப்படியென்றால் அந்தப் புள்ளயைப் பாராட்டவே கூடாதா என்று தோழர்கள் கேட்கலாம். 'ஐயோ பாவம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் அவளை இல்லாமல் ஆக்குவதுதான். வழி பார்த்தவள் அவள், முடிவெடுத்தவள் அவள். பொம்பளப்புள்ள மிதிக்க, ஆம்பள பின்னால குந்திப் போறான் என்று வழியில் கேலி பேசியிருக்கிறார்கள். அந்த அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்பள என்ற வீம்பை இறக்கிவைத்து மகளின் பலத்தை நம்புவதும் லேசான காரியமில்லை. அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அன்பு. அதில் அரசாங்கத்துக்குப் பங்கு கிடையாது.

பாராட்டலாம். ஆனால் அவளை அந்த ரோட்டுக்குத் தள்ளியதில் பங்குள்ளவர்கள் முதலில் பதில் சொல்லட்டும், பிறகு கை தட்டட்டும். வாங்கிய கடனைத் திருப்பித் தராமல், கொடுத்தவனின் நல்ல மனசைப் புகழ்ந்துகொண்டே இருப்பவனுக்கு நம்ம ஊரில் வேறு பேர்.

சம்மேளனம் கூப்பிட்டபோது, முதலில் படிப்பு என்றாள் ஜோதி. காசில்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் புத்தகம் கேட்டாள். 2021 மே 31 அன்று மோகன் பாஸ்வான் மாரடைப்பில் இறந்துபோனார். தகப்பனைச் சுமந்த பிள்ளைகளுக்கு நம்ம சனத்தில் என்றைக்கும் குறைவில்லை. அடிபட்ட கூலிக்காரனுக்கு வைத்தியம், வேலையில்லாத நாளுக்குச் சோறு, ஊர் திரும்ப ஒரு ரயில் - இவை இருந்திருந்தால் சுமந்திருக்கவே வேண்டாம். இனி இப்படியொரு செய்தி வந்தால், எத்தனை கிலோமீட்டர் மிதித்தாள் என்று கேட்பதற்கு முன்னால், அவளை இறங்க விடாதவர்கள் யார் என்று கேட்போம்.