எழுவாய் இல்லாத கல்

பாரிஸின் மறே பகுதியை நடந்து பார்க்கச் சென் போல் மெற்றோவில் இறங்கினாற் போதும். அருகே றூ பவேயில் 1914இல் திறந்த யூத ஆலயம் நிற்கிறது. மெற்றோ வாசல்களின் வளைந்த இரும்புக் கொடிகளை வரைந்த ஹெக்டர் கிமார்தான் இதையும் கட்டியவர். 1941 ஒக்ரோபரில் இதற்குக் குண்டு வைத்தவர்கள் பிரெஞ்சுத் தீவிர வலதுசாரிகள். திரும்பினால் றூ தே றோசியே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தைத் தங்கள் இத்திஷ் மொழியில் 'சின்னச் சதுக்கம்' என்றார்கள். இன்று உடுப்புக் கடைகள். ஃபலாஃபல் வாங்க நீண்ட வரிசை. அந்த வரிசை சுவர்களை வாசிப்பதில்லை. (குறையாகச் சொல்லவில்லை. பசி பசிதான்.)

மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் எனக்குக் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் நான் வாசிக்கப் போவது பக்கத்துத் தெருவின் பாடசாலைச் சுவரை. முன்பு இறைச்சிச் சந்தையாக இருந்த கட்டடம். முகப்பில் இரண்டு வெண்கல எருதுத் தலைகள் இன்னும் இருக்கின்றன. இப்பாடசாலையின் யூதப் பிள்ளைகள் ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு நாஸி முகாம்களில் அழிக்கப்பட்டார்கள் என்கிறது நினைவுக்கல். பல பிள்ளைகளைக் காப்பாற்றிய தலைமையாசிரியர் ஜோசெப் மிக்னெறேயின் பெயரும் சுவரில் உண்டு.

பாதியில் நின்ற பல்கலைக்கழகப் படிப்பில் எனக்கு எஞ்சியது கொஞ்சம் இலக்கணம். 'கொண்டுசெல்லப்பட்டு' என்பதற்கு எழுவாய் எங்கே? முகாமுக்குச் சொந்தக்காரன் கல்லில் இருக்கிறான். கதவைத் தட்டியவன் இல்லை. 1942 ஜூலை 16, 17இல் பாரிஸிலும் புறநகர்களிலும் 4,000க்கு மேற்பட்ட சிறுவர் உட்பட சுமார் 13,000 பேரை வீடுவீடாகப் போய்ப் பிடித்தது பிரெஞ்சுப் பொலிஸ். அதை பிரான்ஸின் குற்றமென்று ஒரு ஜனாதிபதி, ஜாக் சிராக், சொல்ல 1995 ஆயிற்று. ஐம்பத்து மூன்று வருடங்கள். பின்னர் வைத்த கற்கள் பலவற்றில் விஷி அரசின் பெயரும் வருகிறது.

தாமதத்துக்குச் சொன்ன நியாயம் அற்பமானதல்ல. நாடே அந்நியன் காலடியில் கிடந்தது, உண்மையான பிரான்ஸ் லண்டனில் இருந்தது என்றார்கள். அடக்கப்பட்டவன் இன்னொருவனுக்குச் செய்ததை அடக்கியவனின் கணக்கில் எழுதலாமா? எழுத முடியாது என்றே நினைக்கிறேன். அவன் பட்ட அடியும் உண்மை, அவன் தட்டிய கதவும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க ஏலாது.

இந்த நியாயம் எங்கள் காதுக்குப் பழகியது. 1990 ஒக்ரோபர் என் நினைவில் இல்லை. அப்போது நான் கைக்குழந்தை. வீட்டில் கேட்டு வளர்ந்தது, 'சோனகர் போயிட்டினம்' என்ற வாக்கியத்தை. ஏதோ கலியாணவீட்டுக்குப் போனது போல. 2002இல் அன்ரன் பாலசிங்கம் அதைத் தவறென்று சொன்னார். சொன்னது செய்தியாளர் மாநாட்டில், சுவரில் அல்ல.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு சுவருக்காக மனதில் எழுதிப் பார்க்கிறேன்: 'விடுதலைப் புலிகள் 1990 ஒக்ரோபர் 30இல் இங்கிருந்த முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்கள்.' எழுவாய் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் 'எங்கள் பெயரால்' என்று சேர்க்க வேண்டுமா என்பதில்தான் கை நிற்கிறது.