கம்பியை வளைத்தவர் பேர்

திருமுக்கூடல் வீட்டுப் பீரோவில் அம்மா பட்டுப்புடவையை ஹேங்கரில் மாட்ட விடமாட்டாள். "ஜரிகை கனம்டா, இழுத்துடும்." ஹேங்கரில் தொங்குவது என் சட்டைகள்தான்.

துணி மாட்டிக்கு 1869லேயே ஓ.ஏ. நார்த் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பி ஹேங்கருக்கு வேறொரு கதை சொல்கிறார்கள். 1903, அமெரிக்காவின் ஜாக்சன் நகரம், டிம்பர்லேக் கம்பி நிறுவனம். கோட் மாட்டக் கொக்கி காலியில்லை. ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்ற தொழிலாளி கம்பியை வளைத்தார். காப்புரிமையும் லாபமும் நிறுவனத்துக்கு.

சம்பளம் வாங்கினாரே, அப்புறம் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கோடும் கம்பெனிக்குத்தான், சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டாச்சு. சரி, உரிமையைக் கொடுத்தோம். பேரையுமா எழுதிக் கொடுத்தோம்?

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கூலி உண்டு, பேர் இல்லை.

போன மாசம் ஜூனியர் ஒருத்தி கண்டுபிடித்த தீர்வை மீட்டிங்கில் "எங்க டீம் பண்ணினது" என்றேன். பொய்யில்லை. அவள் பேரைச் சொல்ல ஒரு நொடி போதும். எதிரே உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.