புகைச் சான்றும் அகிம்சையும்

கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார் ஒன்றைப் புகைப் பரிசோதனையில் தேற வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டரை மாற்றுவார்கள். ஸ்பார்க் பிளக்குகளைப் புதிதாகப் போட்டு இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்ப்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவார்கள். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் நிஜமாகவே குறையும். இரண்டாம் வழிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். மிக்சர் ஸ்க்ரூவைச் சற்று இறுக்கினால், ஐடிலிங்கில் கலவையின் பெட்ரோல் குறைந்து கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும். சான்றிதழ் கைக்கு வந்ததும், வண்டி திணறுகிறது என்று சொல்லி ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவார்கள். இரண்டு வண்டிக்காரர்களிடமும் இருப்பது ஒரே தாள். சட்டம் இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. அறமும் அப்படித்தான் பார்க்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் முடிவு. அதற்கான காரணத்தை இன்றைய மேலைத் தத்துவத்தைவிடப் பழைய சமண மரபு தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதி, பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடை அனுமதிக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 காருக்கு எல்லை 0.3 சதவீதம். முதுமையைக் கருதிப் பத்து மடங்கு சலுகை கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பழைய வண்டிக்கு அந்தச் சான்று ஆறு மாதம் செல்லும். அந்தச் சில நிமிடங்களில் இருந்ததைப் போலத்தான் வண்டி மற்ற நாட்களிலும் இருக்கும் என்று, முகம் தெரியாத ஊராருக்குக் கொடுக்கும் வாக்குமூலம் அது. ஸ்க்ரூவைத் திருப்பி வைப்பவர் பரிசோதனையில் பொய் சொல்லவில்லை. அன்று கருவி காட்டிய அளவு உண்மையே. அடுத்து வரும் நாட்களைப் பற்றித்தான் அவர் பொய் சொல்கிறார். 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் மோசடியின் உள்ளடக்கமும் இதுவே. ஆய்வகச் சோதனை நடக்கிறது என்பதை மென்பொருள் அடையாளம் கண்டு புகையை அடக்கியது. சாலையில் இறங்கியதும் அடக்கத்தை விட்டுவிட்டது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம் முதலிய ஆய்வாளர்கள் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்தபோதுதான் வேறுபாடு தெரியவந்தது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. அதைக் குற்றம் என்று ஒப்புக்கொள்கிற நாம், பட்டறையில் நடக்கும் அதே செயலுக்கு ‘டியூனிங்’ என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறோம்.

இதற்கு வரும் மறுமொழிகளிலேயே வலிமையானது, அளவைப் பற்றியது. ஃபோக்ஸ்வாகன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளில் செய்தது. என்னுடையது ஒரு கார். என் புகையால் இருமுகிற ஒரு குழந்தையை எனக்குக் காட்ட முடியுமா? முடியாது என்பதே நேர்மையான பதில். 1984-இல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வோர் அழுத்தமும் ஆயிரம் பேரின் வேதனையை உணர முடியாத அளவுக்கே கூட்டுகிறது. எல்லாம் சேர்ந்தால் கொடுமையான வலி. அப்படியானால் எவரும் யாரையும் துன்புறுத்தவில்லையா? என் செயலை மட்டும் பார்க்காதே, நாம் சேர்ந்து செய்வதைப் பார் என்பது அவர் பதில். நல்ல பதில்தான். ஆனால் என் குற்றம் மற்றவர்களின் எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாளை ஊரிலுள்ள மற்ற வண்டிகளெல்லாம் மின்சாரத்துக்கு மாறிவிட்டால், என் ஏமாற்று குற்றமற்றதாகிவிடுமா என்ற கேள்வி அங்கே மிஞ்சுகிறது.

குந்தகுந்தர் இதை வேறொரு முனையிலிருந்து அணுகினார். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் போற்றும் சமண ஆசாரியர் அவர். பிராகிருதத்தில் எழுதிய பிரவசனசாரத்தில், கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் பிழைத்தாலும், இம்சை உறுதி என்கிறார். கவனத்தோடு நடந்தும் காலடியில் ஓர் உயிர் அகப்பட்டுவிட்டால் அதனால் மட்டும் அவனுக்கு வினைப் பந்தம் இல்லை என்கிறார். மற்றொரு சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும் இம்சையை வரையறுக்கும்போது உயிர்ப்பறிப்போடு பிரமாதம், அதாவது அசட்டை, என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இதன் விளைவு பெரியது. புகைக்குப் பலியானவரைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. தன் வண்டி பிறர் மூச்சில் எதைக் கலக்கிறது என்று தெரிந்திருந்தும், அதைக் குறைக்கத் தன் கையில் வழி இருந்தும், குறைத்ததையே மறுபடி கூட்டி வைக்கிறவர், ஊரில் ஒரே வண்டி அவருடையதாக இருந்தாலும் அசட்டையாகவே நடந்திருக்கிறார். பிளக்கை மாற்றி, ஃபில்டரை மாற்றி, தன்னால் ஆனதைச் செய்தவரின் வண்டியும் புகை விடத்தான் செய்யும். இருவர் புகையும் அளவில் நெருங்கியே இருக்கலாம். செயலில் இருவரும் வெகு தூரத்தில் நிற்கிறார்கள்.

இது துறவிக்குச் சொன்ன நெறி, காரோட்டிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்; பிரவசனசாரத்தின் அந்தப் பகுதி பேசுவது முனிவரின் ஒழுக்கத்தைத்தான். நடக்கும்போது முன்னே பார்த்து நடக்கும் ஈரியா சமிதியைக் குடும்பஸ்தரிடம் அப்படியே எதிர்பார்த்தால், யாரும் சாவியைத் தொட முடியாது. ஆனால் சமணம் இல்லறத்தாருக்கு முழு நோன்பான மகாவிரதத்தை விதிக்கவில்லை, சிறு நோன்பான அணுவிரதத்தையே விதித்தது. சமைப்பதிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையைத் தனியாகப் பிரித்து, அதைக் குறைத்துக்கொண்டே வா என்றது. வேலைக்குப் போக, நோயாளியை அழைத்துப்போக வண்டி ஓட்டுவது அந்தத் தவிர்க்க முடியாத வகையில் சேரும். பிக்கப்புக்காக ஸ்க்ரூவைத் திருப்பி வைப்பதை எந்தத் தாராளத்தாலும் அதில் சேர்க்க முடியாது.

பரிசோதனையே சரியில்லையே என்ற வாதத்தில் உண்மை உண்டு. பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் பார்க்கிறார்கள். டீசலுக்குப் புகையின் அடர்த்தி. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் இந்தச் சோதனை நேரடியாக அளப்பதில்லை. போதாக்குறைக்கு, எல்லை மீறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு டெல்லியில் சான்று வழங்கப்பட்டிருந்ததை, 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை காட்டியது. ஆனால் இதிலிருந்து ‘ஆகவே ஏமாற்றலாம்’ என்ற முடிவு எப்படி வரும்? அளவுகோல் குறைபட்டது என்றால், அது அளக்காததற்கும் சேர்த்து நான் பொறுப்பேற்க வேண்டும் என்றுதான் வாதம் போக வேண்டும். அந்தச் சான்றுகளில் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கிப்போன ஒருவர் இருந்திருக்கிறார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர், வாங்குவோர் இல்லாவிட்டால் விற்போரும் இல்லை என்று காட்டிய உறவு இங்கேயும் இருக்கிறது.

வறுமையை முன்வைக்கும் எதிர்ப்பை மட்டும் இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் வண்டிக்கு டியூனிங் உதவாது; எஞ்சினைப் பிரிக்க வேண்டும். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருமானம். சான்று இல்லாமல் பிடிபட்டாலோ, 2019-இன் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அவர் சொல்லும் பொய்யை, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கும் என்ற குறளின் இடத்தில் வைக்கலாமா? வைக்க முடியாது; ஏனென்றால் அவர் வீட்டுக்கு வரும் நன்மைக்கான விலையை, சிக்னலில் அவருக்குப் பின்னால் நிற்பவர் கேட்காமலே கொடுக்கிறார். ஆயினும் அந்த அசட்டை அவருடையது மட்டுமல்ல. எல்லையைக் கோடு போட்டுக் காட்டி, அதைத் தொட வழி காட்டாமல் அபராதத்தோடு நிற்கும் அரசும், மலிவான வாடகையை மட்டும் பார்த்து ஏறும் நாமும் அதில் பங்காளிகள். கலிபோர்னியாவில் ‘ஸ்மாக் செக்’ என்ற புகைச் சோதனையில் தேறாத வண்டியை வைத்திருக்கும் குறைந்த வருமானக்காரருக்குப் பழுதுபார்க்கும் செலவில் அரசு உதவுகிறது. வண்டியைக் கைவிட விரும்பினால் அதற்கும் பணம் தருகிறது. இங்கே வசூலாகும் அபராதத்தில் ஒரு பகுதியை அப்படி ரிங் மாற்றவும் இன்ஜெக்டர் சரிசெய்யவும் ஒதுக்கினால், வாடகை வண்டிக்காரரிடமும் முதல் வழியை நாம் கேட்கலாம்.