திருத்தத்தின் அறம்

எழுதியதைத் திருத்துதல் என்றதும் சந்திப்பிழையும் எழுத்துப்பிழையுமே மாணவராகிய நம் நினைவுக்கு வருகின்றன. அவை களையப்பட வேண்டியனவே. ஆயினும், பிழையற்ற தமிழிலும் உண்மையல்லாததை எழுதிவிடலாம். ஆதலின், திருத்தம் இலக்கணத்தோடு முடிந்துவிடுவதா, அறத்தையும் சார்ந்ததா என்னும் வினா எழுகின்றது.

மட்டக்களப்பு வாவி பற்றி யான் எழுதிய ஆய்வுக்கட்டுரையொன்று, "முழுமதி இரவில் இவ்வாவியின் மீன்கள் பாடுகின்றன" என்று தொடங்கிற்று. 'மீன்பாடும் தேனாடு' எனப் புகழ்பெற்ற மண்ணைப் பற்றி வேறெவ்வாறு தொடங்குவது? அத்தொடர்மீது எனக்குப் பெருவிருப்பு இருந்தது. சில நாள் கழித்து மீண்டும் படித்தபோது ஓர் ஐயம் குறுக்கிட்டது: பாடுவது மீன்தான் என்பதை யான் எங்ஙனம் அறிந்தேன்?

கல்லடிப் பாலத்தருகே நீருள்ளிருந்து ஓசை எழுவதாகக் கூறுவோர் பலர். ஓசையைக் கேட்டல் வேறு. அதனை எழுப்புவது இன்னதெனத் துணிதல் வேறு. 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில், சேர் எமேர்சன் ரெனன்ற் இவ்வோசையைத் தாம் கேட்டவாறு விவரித்தார். மீன்களன்றி மெல்லுடலிகளே அதற்குக் காரணமாகலாம் என்பது அவர் ஊகம். யானோ ஊகத்தையே முடிபாக்கிவிட்டேன்.

கவிதைக்கு வேறு நியதி உண்டு. 1947இல் வெளியான யாழ்நூலில் விபுலாநந்த அடிகளார் இவ்வாவியின் இன்னிசையை நீரரமகளிரின் பாடலாகப் புனைந்தார். அது கற்பனையென்பதைக் கற்போர் அறிவர், எவரும் ஏமாறுவதில்லை. ஆய்வுரையோ, தான் கூறுவதை உண்மையென நம்புமாறு படிப்போரைக் கேட்கின்றது. அந்நம்பிக்கையைப் பெறுகின்றவன் அதற்குக் கடன்பட்டவனாகின்றான்.

அழகிய தொடர்களை நீக்கின் உரை வறண்டுபோகாதோ எனச் சிலர் வினவலாம். யான் அத்தொடரை நீக்கி, "வாவியினுள்ளிருந்து ஓசை எழுவதாகப் பலர் கூறுவர், அதனை எழுப்புவது யாது?" என எழுதினேன். முன்னைய தொடர் ஆராய்ச்சியைத் தொடங்குமுன்னரே முடித்துவைத்தது. பின்னையது அதற்கு வாயில் திறந்தது.

எனவே, நம் கட்டுரையின் ஒவ்வொரு தொடரையும் நோக்கி, "இது யான் கண்டதா, கற்றதா, அன்றி விரும்பியதா?" எனக் கேட்போமாக. விரும்பியதை மட்டும் நீக்குதல் எளிதன்று; ஏனெனில் அதுவே பெரும்பாலும் நமக்கு மிக அழகாகத் தோன்றுவது. பிறர் பிழையைக் காணக் கல்வி போதும். தன் பிழையைத் தானே அடித்தெழுதுவதற்கு நேர்மையும் வேண்டும்.