புகலிட மொழியும் புகுந்தோர் கடமையும்

தாய்நாட்டை விட்டகன்று பிறநாட்டில் வாழ்பவன் அந்நாட்டு மொழியைக் கற்றல் கடமையா, அன்றி வெறும் வசதியா? வசதியெனின், வேறொரு மொழியால் வாழ்க்கையை நடத்த வல்லவன் அதனைக் கற்க வேண்டியதில்லை. கடமையெனின், அக்கடமை எதிலிருந்து பிறக்கின்றது என்பது விளக்கப்படல் வேண்டும்.

இவ்வினாவை ஆராயக் கனடாவின் கியூபெக் மாகாணம் தக்கதொரு களமாகும். அங்கு 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனம், குடிவந்தோரின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சு மொழிப் பாடசாலைகளிலேயே கற்றல் வேண்டுமென விதித்தது. 1983 இன் பின்னர் மொன்றியல் நகரிற் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளும் இவ்விதிக்கு உட்பட்டனர். ஆங்கிலம் ஓரளவு அறிந்த பெற்றோரிடத்தே, 'ஆங்கிலம் இருக்கப் பிரெஞ்சு எதற்கு?' என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த சமூகம் பிறிதொரு மொழிச் சட்டத்துக்கு ஏன் இணங்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். இரண்டும் ஒன்றல்ல. முன்னையது, தலைமுறை தலைமுறையாகத் தம் மண்ணில் வாழ்ந்த மக்களின் மொழிக்கு அரசகரும நிலையை மறுத்தது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னையதோ, வட அமெரிக்காவின் ஆங்கிலச் சூழலில் ஒரு சிறுபான்மை மொழியைக் காக்க எழுந்தது.

கனேடிய மெய்யியலாளர் வில் கிம்லிக்கா 1995 இல் வெளியிட்ட 'பல்பண்பாட்டுக் குடியுரிமை' என்னும் நூலில் தேசியச் சிறுபான்மையினரையும் குடிவந்தோரையும் இவ்வாறே வேறுபடுத்துகின்றார். குடிவந்தோர் தாமாக விரும்பிப் பெயர்ந்தவராதலின், புகுந்த நாட்டின் மொழியோடு அவர்கள் இணைய வேண்டுமென எதிர்பார்த்தல் நியாயமே என்பது அவர் வாதம். ஆயின் அகதி விரும்பிப் பெயர்ந்தவனல்லன். கிம்லிக்காவும் இதனைத் தீர்த்தற்கரிய சிக்கலெனவே ஏற்கின்றார். எனவே, கடமையின் அடித்தளத்தை விருப்பத்திலன்றி வேறிடத்தே தேடுதல் வேண்டும்.

அவ்வடித்தளம் கூடிவாழ்தலே எனலாம். மருத்துவமனையில் தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை மருத்துவருக்கு மொழிபெயர்த்துரைக்கும் நிலையை எண்ணுக. பெற்றோர் கல்லாத மொழியின் சுமை பிள்ளையின் மேல் விழுகின்றது. அண்டை வீட்டாரோ, தம் மொழி ஒரு பொருட்டாக மதிக்கப்படவில்லை என உணர்கின்றனர். தன் மொழி புறக்கணிக்கப்பட்ட வேதனையை அறிந்த சமூகமே இவ்வுணர்வை முதலில் விளங்கிக்கொள்ளத் தக்கது.

ஆயினும், கற்றல் என்பது துறத்தல் அன்று. பிரெஞ்சு பேசுதல் பண்பெனின், தெருவிலே தன் பிள்ளையுடன் தமிழ் பேசுதலும் குற்றமன்று. அதற்கு நாணுதல் வேண்டா. புகலளித்தோர்க்கும் இதில் ஒரு கடமையுண்டு. முதிய வயதில் வந்தவரின் தடுமாறும் சொற்களைப் பொறுமையுடன் கேட்டலும், வீட்டு மொழியைச் சந்தேகத்துடன் நோக்காமையும் அவர்தம் பங்காகும். புகலிடத்தின் மொழியைக் கேட்க ஒருவன் செவிசாய்க்கும்போதே, தன் மொழியையும் மதிக்குமாறு பிறரைக் கேட்கும் அவன் உரிமை வலுப்பெறுகின்றது.