இல்லறத்தின் கனி

கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி, தொலைவிலிருந்து வந்தவர்கள் வேரூன்றிய ஊர். 16-ஆம் நூற்றாண்டில் கோவாவை விட்டு வந்த கொங்கணி மக்கள் அங்கே குடியேறித் திருமலை தேவஸ்வம் ஆலயத்தை எழுப்பினர். யூதர்கள் 1568-இல் தங்கள் ஜெப ஆலயத்தைக் கட்டினர். குஜராத்தி வணிகர்களின் பெயரால் அங்கு ஒரு சாலையே விளங்குகிறது. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் சமூகத்தாரின் சந்ததியினர் வாழ்கின்றனர்.

இவர்கள் வந்த காரணங்களை மூன்றாக வகுக்கலாம்: வணிகம், அடைக்கலம், பிழைப்பு. இவற்றுள் எதுவும் இழிவன்று. ஆயினும் பிறந்த மண்ணை விட்டுச் செல்ல நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. பெறுவதற்காக அன்றி, எஞ்சிய வாழ்நாளைக் கொடுப்பதற்காகச் செல்வது அது. இளமையில் அவ்வாறு செல்வோர் பலர். நரை தோன்றிய பின், கணவனும் மனைவியும் ஒருமித்துச் செல்வது அரிது.

மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால் உள்ள எர்ணாகுளத்திற்கு 1892 டிசம்பரில் ஓர் இளம் துறவி வந்தார். சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்து உரையாடினார்; பின்னர் திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரி சென்றார். அவரே சுவாமி விவேகானந்தர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், லண்டனில் அவருடைய சொற்பொழிவைக் கேட்ட ஓர் ஆங்கிலேயத் தம்பதியர், அந்த நான்காவது காரணத்திற்காகத் தங்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டனர்.

இருவரின் இசைவு

ஜேம்ஸ் ஹென்றி சேவியர் ராணுவத்தில் பணியாற்றியவர். 'கேப்டன்' என்றே அழைக்கப்பட்டவர். அவருடைய துணைவியார் சார்லெட். இருவரும் நடுவயதைக் கடந்தவர்கள். பல சமயப் பிரிவுகளை நாடியும் மனநிறைவு காணாதவர்கள். 1896-இல் சுவாமிஜியின் உரையைக் கேட்டதும், தேடியது கிடைத்துவிட்டது என்ற உறுதி அவர்களுக்கு ஏற்பட்டது.

சீடராவதற்குக் கேப்டன் தம் மனைவியின் இசைவைக் கேட்டார். அம்மையார் இசைந்தார். உடனே அவரும் அதே இசைவைத் தம் கணவரிடம் கேட்டார். இச்சிறு நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒருவர் முடிவு செய்ய, மற்றவர் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தால், அது தொண்டாகாது. ஒருவருடைய வைராக்கியம் மற்றவருக்குச் சுமையாகிவிடும். வானப்பிரஸ்த நிலையை வகுத்த பெரியோர், மனைவியுடன் வனம் புகுதலையும் அதில் அடக்கினர். இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றிலும், நள்ளிரவில் வந்த அடியவருக்கு அமுது படைத்தவர் நாயனார் ஒருவர் அல்லர். வழி சொன்னவரும் அடுப்பு மூட்டியவரும் அவருடைய மனைவியார். இருவர் மனம் ஒன்றானபோதே இல்லறம் தவமாகிறது.

பிறர் தொடங்கிய பணி

சேவியர் தம்பதியர் தம் உடைமைகளை விற்று, சுவாமிஜியுடன் பயணமாகி, 1897 ஜனவரி 15-இல் கொழும்பு வந்திறங்கினர். இமயத்தில் அத்வைத சாதனைக்கென ஓர் ஆசிரமம் அமைக்க வேண்டும் என்பது சுவாமிஜியின் விருப்பம். அதை நிறைவேற்றுவதே தங்கள் கடமை என அவர்கள் கொண்டனர்.

ஆயினும் அவர்களிடம் முதலில் வந்து சேர்ந்த பணி, மற்றொருவர் விட்டுச் சென்ற பணியாகும். 1896 ஜூலையில் சென்னையில் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாத இதழ் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் பி. ஆர். ராஜம் ஐயர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர். 1898 மே மாதத்தில், 26 வயதில், அவர் மறைந்தார். இதழும் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அல்மோராவில் அது மீண்டும் வெளிவந்தது. சுவாமி ஸ்வரூபானந்தர் ஆசிரியரானார். நிர்வாகப் பொறுப்பைக் கேப்டன் ஏற்றார். தமிழ் இளைஞர் ஒருவரின் கையிலிருந்து நழுவிய விளக்கை, கடல் கடந்து வந்த முதியவர் ஒருவர் ஏந்தினார்.

முதுமையில் தொண்டுக்கு வருவோர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. புதிதாக ஒன்றைத் தொடங்கித் தம் பெயரை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் அனுபவசாலிகளிடம் எளிதில் எழும். கணக்கெழுதுதல், கடிதங்களுக்கு விடையளித்தல், அச்சிட்ட தாள்களை அனுப்புதல் ஆகியவற்றை ஏற்பதற்குப் பணிவு வேண்டும்.

1899 மார்ச் 19-இல், ஸ்ரீராமகிருஷ்ணரின் ஜயந்தி நாளன்று, மாயாவதியில் அத்வைத ஆசிரமம் நிறுவப்பட்டது. முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்த அவ்விடம் 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், காடு சூழ்ந்து அமைந்தது.

பிரிவும் நிலைபேறும்

தொண்டுக்குச் சென்றவரை நோய் அணுகாது என்று எந்த சாஸ்திரமும் உறுதியளிக்கவில்லை. ஆசிரமம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1900 அக்டோபர் 28-இல், கேப்டன் சேவியர் மறைந்தார். நல்ல மருத்துவ வசதி எட்டாத மலை அது. இந்து முறைப்படி, மலையடிவாரத்தில் ஓடும் சாரதா நதிக்கரையில் அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது.

அம்மையாருக்கு ஆறுதல் கூற, உடல் நலிந்திருந்த சுவாமிஜி, கடும் பனியில் மலையேறி 1901 ஜனவரி 3-இல் மாயாவதி சேர்ந்தார். ஏறத்தாழ இரு வாரங்கள் தங்கித் திரும்பினார். அதற்குப் பிறகே உண்மையான சோதனை தொடங்கியது. தாய்நாட்டிற்குத் திரும்ப அம்மையாருக்கு எல்லா உரிமையும் இருந்தது. எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை. இளம் துறவியருக்கு அன்னையாக விளங்கி, இதழுக்கும் நூல்களுக்கும் துணைபுரிந்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் அம்மலைப் பகுதியிலேயே வாழ்ந்தார். 1903-இல் அங்கே தர்ம மருத்துவமனை தொடங்கியது. கேப்டனுக்குக் கிட்டாத மருத்துவம், அதன்பின் மலைக்கிராம மக்களுக்குக் கிட்டியது. 1916-இல் இங்கிலாந்து சென்ற அம்மையார், 1930 அக்டோபர் 20-இல் அங்கே மறைந்தார்.

கணவரின் பொருட்டு மட்டும் அவர் வந்திருந்தால், கணவருடனேயே அப்பணி முடிந்திருக்கும். அன்று அவர் தமக்கெனத் தனியே கேட்டுப் பெற்ற இசைவு, இந்தத் தனிமையில் அவரைத் தாங்கியது.

இன்றைய அன்பர்களுக்கு

பிள்ளைகள் அயல்நாட்டில் நிலைபெற, ஓய்வூதியத்துடன் தனித்திருக்கும் தம்பதியர் இன்று பல இல்லங்களில் உள்ளனர். தொண்டு செய்யும் ஆவல் அவர்களுக்கு உண்டு. உடல் தளர்ந்தால் யார் பார்ப்பார்கள் என்ற அச்சமும் உண்டு. அச்சம் நியாயமானதே. தீராத கடமைகளை விட்டு ஓடுவதும், நோயுற்ற உடலை வருத்துவதும் வைராக்கியம் ஆகா. ஆனால் அச்சம் நீங்கும் நாள் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதேயில்லை.

செல்லும் இடம் இமயமாக இருக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி போன்ற ஊரின் நெருக்கமான தெருவொன்றில் மாலைப் பாடம் நடத்துவதும், மருந்தகத்தில் சீட்டு எழுதுவதும் தொண்டே. அங்கு குடியேறியோரிடம் கற்கவும் ஒன்று உண்டு. வீட்டில் கொங்கணியும் குஜராத்தியும் பேசுபவர்கள், வீதியில் மலையாளம் பேசுகின்றனர். போன ஊரின் மொழியைக் கற்பதே அவ்வூருக்குச் செய்யும் முதல் வணக்கம். கொடுக்க வந்தேன் என்ற எண்ணத்தைக் கரைப்பதும் அதுவே. எழுபது வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பவரிடம் அகந்தை நிற்பதில்லை.

மரம் முதிர்ந்த பின்னரே கனி பழுக்கிறது. பழுத்த கனி தன் கிளைக்கு உரியதன்று, பசித்தவருக்கு உரியது. இல்லறம் என்னும் மரத்தில் கனிந்த அன்பு, சொந்த வாசலைக் கடந்தும் பசித்தவரைச் சென்றடைய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.